அரசாங்க நிறுவனத்துக்குள் அரசியல் எந்த வாசல் வழியாக நுழைகிறது?

"அரசாங்கம் நடத்தும் கம்பெனி எங்கே ஐயா இலாபம் காட்டும்? அரசியல்வாதி கை வைத்தால் எதுவும் உருப்படாது." ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆறுவதற்குள் நாம் கேட்டுவிடும் தீர்ப்பு இது. தொலைக்காட்சி அரங்கிலும் விவாதம் இந்த இடத்தில்தான் தொடங்கியது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் ஒரு சிக்கல் வருகிறது. அங்கேயும் தேசிய விமான நிறுவனத்தின் பெரும்பங்கு அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கிடம்தான் இருக்கிறது. அந்த விமான நிறுவனமோ உலகத்தின் முன்னணி நிறுவனங்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியிருக்கிறது. அரசாங்கம் சொந்தக்காரராக இருப்பதுதான் நோய் என்றால், அந்த நோய் அவர்களை ஏன் படுக்க வைக்கவில்லை?

அங்கே அரசியல் கிடையாது என்று பதில் சொன்னால் அது தவறு. சிங்கப்பூரில் அரசியல் விமான நிறுவனத்தின் வாசல் வரை வந்திருக்கிறது. பிரதமரே நேரில் வந்திருக்கிறார். ஆக, அரசியல் இருந்ததா இல்லையா என்று கேட்பதில் பயனில்லை. அந்த அரசியல் நிர்வாகத்திடம் எதைக் கேட்டது, கேட்டதற்கு யார் காசு கொடுத்தது என்று பார்க்க வேண்டும். அரங்கில் நேரம் கருதி நான் விட்டுவிட்ட விவரங்களையும் சேர்த்து இதை இங்கே விளக்க முயல்கிறேன்.

மலேசியாவின் மாஸ், சிங்கப்பூரின் எஸ்ஐஏ இரண்டையும் நான் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1947ல் சிங்கப்பூரிலிருந்து பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ்தான் மூத்த வீடு. மலேசியா உருவான பிறகு அது மலேசியன் ஏர்வேஸ் ஆனது. 1965ல் சிங்கப்பூர் பிரிந்துபோன பின்னும் விமானங்கள் மட்டும் பிரியவில்லை. மலேசியா - சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதாவது எம்.எஸ்.ஏ. என்ற பெயரில் இரண்டு அரசாங்கங்களும் அதைக் கூட்டாக நடத்தின. கூட்டுக் குடும்பத்தில் வரும் சண்டை அங்கேயும் வந்தது. கோலாலம்பூர் உள்நாட்டுச் சேவையை, குறிப்பாகச் சபா, சரவாக் பக்கம் விரிவாக்க விரும்பியது. சிங்கப்பூருக்கு உள்நாடு என்று பறக்க ஓர் ஊரும் இல்லை. அதன் கண் அனைத்துலகத் தடங்களின் மேல் இருந்தது. 1972 அக்டோபர் 1ஆம் தேதி இரண்டும் தனித்தனியாகப் பறக்கத் தொடங்கின. பாகப் பிரிவினையில் போயிங் விமானங்களும் வெளிநாட்டுத் தடங்களும் பெரும்பாலும் எஸ்ஐஏவுக்குப் போயின. உள்நாட்டுத் தடங்களும் ஃபோக்கர் விமானங்களும் மாஸ் பக்கம் வந்தன.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததில் பாதிக்கு விதை இதில் இருக்கிறது.

ஒரே கட்டளை, பல கட்டளை

பிரிவினைக் காலத்தில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ தொழிற்சங்கத்தினரிடம் விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். கொடியைக் காட்டுவதற்காக அரசாங்கம் விமானம் விடப் போவதில்லை. இலாபம் வந்தால் நிறுவனம் இருக்கும், வராவிட்டால் மூடப்படும் என்பதே சாரம். இதுவும் அரசியல் கட்டளைதான். ஆனால் ஒரே ஒரு கட்டளை. நிர்வாகி காலையில் எழுந்ததும் தம் எசமானருக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எஸ்ஐஏவின் முதல் தலைவராக வந்தவர் ஜே.ஒய். பிள்ளை. நம் கிள்ளானில் பிறந்தவர், சிங்கப்பூரின் மூத்த அரசாங்க அதிகாரி. 1972 முதல் 1996 வரை 24 ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். அரசாங்க அதிகாரி ஒருவரே தலைவர் நாற்காலியில் இருந்தபோதும் நிறுவனம் அரசாங்க இலாகா போல நடக்கவில்லை. பிறந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நிறுவனம் 1973ல் போயிங் 747 விமானங்களைக் கொண்டு வந்து இறக்கியது. சின்னத் தீவுக்கு இவ்வளவு பெரிய விமானமா என்று கேட்டவர்கள் உண்டு. எத்தனை பயணிகள் ஏறுவார்கள், எரிபொருள் போக என்ன மிஞ்சும் என்ற கணக்கைப் போட்டுத்தான் அது முடிவானது. எந்தத் தொகுதிக்கு விமானம் போக வேண்டும் என்று கேட்க அங்கே தொகுதி இல்லையே!

மாஸின் நிலை வேறு. அதற்கு எசமானர் ஒருவர்தான், அரசாங்கம். ஆனால் அந்த எசமானருக்கு ஆசை பல. மீரியிலிருந்து மலை உச்சிக் கிராமத்துக்கு விமானம் போக வேண்டும், கட்டணமும் ஏறக்கூடாது. நாட்டின் பெயர் வெளிநாட்டில் விளங்க வேண்டும். பூமிபுத்ரா தொழில் முனைவர்கள் வளர வேண்டும். ஆட்குறைப்பு கூடாது. வளரும் நாடுகளோடு நட்பு வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஆண்டு முடிவில் இலாப ஈவும் வேண்டும்.

இந்த ஆசைகளில் எதையும் நான் கேலி செய்யவில்லை. நடுவே கடல் கிடக்கும் ஒரு நாட்டை ஒன்றாக வைத்திருப்பது சாதாரண வேலை அல்ல. கூச்சிங்கில் இருப்பவர் கோலாலம்பூருக்கு வர பேருந்து கிடையாது. அவருக்கு விமானம் ஆடம்பரம் அல்ல, சாலை. சாலைக்கு இலாபம் கேட்பார் உண்டா? சிங்கப்பூரோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமல்ல. எஸ்ஐஏவை மூடியிருந்தால் எந்தக் கிராமமும் துண்டிக்கப்பட்டிருக்காது. மாஸை மூடினால் சரவாக்கின் உள்பகுதி துண்டிக்கப்படும். அந்த வகையில் 'இலாபம் அல்லது மூடுவிழா' என்று சொல்வது சிங்கப்பூருக்கு மலிவான வீரம்.

குறை ஆசைகளில் இல்லை. அந்த ஆசைகள் தனித்தனியாக எழுதப்படாமலும் விலை போடப்படாமலும் இருந்ததில் இருக்கிறது. மலைக் கிராமத்துக்குப் பறப்பதில் எவ்வளவு நட்டம், நட்பு நாட்டுக்குப் பறப்பதில் எவ்வளவு நட்டம், தவறான நிர்வாகத்தால் எவ்வளவு நட்டம் என்பதெல்லாம் ஒரே சாக்கில் போட்டுக் கட்டப்பட்டது. சாக்கைப் பிரிக்காதவரை நிர்வாகி எல்லாவற்றையும் தேசியக் கடமையின் பெயரில் எழுதிவிடலாம். அரசியல்வாதியோ எல்லாவற்றையும் நிர்வாகியின் தலையில் கட்டிவிடலாம். இருவருக்குமே வசதி.

தென்னமெரிக்காவின் புவனோஸ் ஐரெஸ் நகருக்கு மாஸ் தென்னாப்பிரிக்கா வழியாகப் பறந்ததை நேயர்கள் பலர் மறந்திருக்கலாம். தென் பாதி நாடுகளின் ஒத்துழைப்பைத் துன் டாக்டர் மகாதீர் உலக மேடைகளில் வலியுறுத்தி வந்த காலம் அது. அந்தத் தடத்தில் வணிகக் கணக்கைவிட அரசதந்திரக் கணக்குதான் அதிகம் என்ற பேச்சு வெகு நாள் இருந்தது. 2012 தொடக்கத்தில்தான் கேப் டவுன், புவனோஸ் ஐரெஸ் தடங்கள் நிறுத்தப்பட்டன. வெளியுறவு அமைச்சு ஒரு தூதரகம் திறந்தால் அதற்கு நாடாளுமன்றத்தில் ஒதுக்கீடு கேட்க வேண்டும். எவ்வளவு செலவு என்று ஓர் எண் வரும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும். விமானத் தடத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நிறுவனத்தின் கணக்கில் அது கரைந்துவிடும்.

எட்டு வெள்ளிக் கதை

1994ல் மாஸின் 32 விழுக்காட்டுப் பங்கு டான்ஸ்ரீ தாஜுடின் ரம்லியின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. விற்றது பேங்க் நெகாரா. பங்கு ஒன்றுக்கு 8 வெள்ளி, மொத்தம் 179 கோடி வெள்ளி. தனியார்மயம் வந்தால் அரசியல் போய்விடும் என்று நம்பியவர்களுக்கு அடுத்த ஆறு ஆண்டுகள் பாடமாக அமைந்தன. வாங்கியவர் பெருங்கடன் எடுத்து வாங்கியிருந்தார். 1997ல் ஆசிய நிதி நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. விமானத் தொழிலின் பெரிய செலவுகள் எல்லாம் அமெரிக்க டாலரில். நட்டமும் கடனும் சேர்ந்தே ஏறின.

2000 டிசம்பரில் அரசாங்கம் பங்கைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தது. சந்தையில் அப்போது பங்கின் விலை நான்கு வெள்ளிக்கும் குறைவு. அரசாங்கம் கொடுத்த விலை? அதே 8 வெள்ளி. தொகையும் அதே 179 கோடி வெள்ளி. பங்குச் சந்தையில் சிறு முதலீடு செய்திருந்த மற்றவர்களுக்கு அந்த விலை கிடைக்கவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதன் பின்கதை நீதிமன்றம் வரை போனது. 2006ல் தாக்கல் செய்த ஆவணங்களில், அரசாங்கத் தலைமை கேட்டுக்கொண்டதால்தான் பங்கை வாங்கியதாகவும் அதை ஒரு தேசியச் சேவையாகவே செய்ததாகவும் தாஜுடின் கூறினார். 2012ல் சம்பந்தப்பட்ட தரப்புகள் தங்களுக்குள் இணக்கம் கண்டு வழக்குகளை முடித்துக்கொண்டதால், அவர் சொன்னது சரியா தவறா என்று நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது வேறொன்று. இப்படி ஒரு மீட்பைப் பார்த்துவிட்ட நிறுவனத்தில் வேலை செய்யும் மேலாளர்களின் மனம் எப்படி மாறும்?

ஹங்கேரி நாட்டுப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய், சோசலிச ஆட்சிக்காலத்தில் தம் நாட்டு அரசாங்கத் தொழிற்சாலைகளைக் கூர்ந்து பார்த்தவர். நட்டம் வந்தால் மேலிடம் காப்பாற்றும் என்று தெரிந்த நிறுவனம் வாடிக்கையாளரைக் கவனிப்பதை விட்டுவிட்டு அமைச்சைக் கவனிக்கத் தொடங்கிவிடும் என்பது அவர் கண்டது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், எவ்வளவு கடன் வைத்தாலும் அப்பா வந்து கட்டிவிடுவார் என்று தெரிந்த பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை சோம்பேறியாக இருக்க வேண்டியதில்லை. அப்பாவைச் சமாதானப்படுத்தும் கலையில் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கலாம்.

அரசியல் தலையீடு என்றதும் அமைச்சர் தொலைபேசியில் கூப்பிட்டு 'இவருக்குக் குத்தகை கொடு' என்று உத்தரவிடுவதாக நாம் நினைக்கிறோம். அப்படியும் நடக்கும். ஆனால் எல்லா இடத்திலும் நாள்தோறும் நடப்பது அது அல்ல. அழைப்பே வராது. வரக்கூடும் என்று நிர்வாகி தாமே கணக்குப் போட்டுக்கொள்வார். இந்தத் தடத்தை நிறுத்தினால் அந்த மாநிலத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இந்த விநியோகிப்பாளரை மாற்றினால் அவருக்கு மேலே யாரைத் தெரியுமோ? பொதுத் தேர்தல் வரும்போல் இருக்கிறதே, இப்போது போய் ஆட்குறைப்பா? யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் அவர் பதில் தயாரித்து வைத்திருப்பார். முடிவு தள்ளிப்போகும். ஒரு குழு அமைக்கப்படும். அந்தக் குழு ஓர் ஆலோசக நிறுவனத்தை நியமிக்கும். தவறான முடிவு எடுத்தவருக்குத் தண்டனை உண்டு, முடிவே எடுக்காதவருக்குத் தண்டனை இல்லை என்ற இடத்தில் கெட்டிக்கார அதிகாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதைக் கோழைத்தனம் என்று திட்டுவது எளிது. அந்த நாற்காலியின் விதிகள் அப்படி எழுதப்பட்டிருக்கின்றன.

குத்தகைகளும் இப்படித்தான். 2003ல் மாஸின் உணவு தயாரிப்புப் பிரிவின் பெரும்பங்கு விற்கப்பட்டபோது, விமானத்துக்கான உணவை வழங்க 25 ஆண்டு ஒப்பந்தமும் கூடவே போனது. வாங்கிய கூட்டில் இருந்தவர் துன் அப்துல்லா அகமட் படாவியின் சகோதரர். துன் அப்துல்லா அப்போது துணைப் பிரதமர், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் பிரதமரானார். சட்ட விரோதமாக எதுவும் நடந்தது என்று நான் சொல்லவில்லை. விமானத் தொழிலில் எரிபொருள் விலை மாதத்துக்கு ஒரு தரம் மாறும், பயணிகள் கூட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். அப்படிப்பட்ட தொழிலில் 25 ஆண்டுக்கு ஒருவரிடமே சாப்பாடு வாங்குவதாகக் கையெழுத்திட்டால், பின்னால் வரும் நிர்வாகி விலை பேச எதைக் காட்டிப் பேசுவார்? வேறு கடைக்குப் போவேன் என்று சொல்ல முடியாதே.

பாரியோவிலிருந்து வந்தவர்

2002ல் ஒரு மறுசீரமைப்பு நடந்தது. விமானங்களையும் அவற்றின் கடனையும் அரசாங்கத்தின் பெனெர்பாங்கான் மலேசியா பெர்ஹாட் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டுச் சேவையின் இலாப நட்டமும் அதன் கணக்கில் போனது. மாஸ் அந்தச் சேவையை நடத்திக் கொடுத்தது. நட்டத்தை வேறொருவர் தாங்கும்போது செலவைக் குறைக்க யாருக்கு அவசரம்? 2005 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதத்தில் மட்டும் மாஸ் சுமார் 130 கோடி வெள்ளி இழந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் இட்ரிஸ் ஜாலா. சரவாக் மேட்டுநிலத்துப் பாரியோவைச் சேர்ந்த கெலாபிட் இனத்தவர், ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வளர்ந்தவர். விமானத் தொழிலில் அனுபவம் இல்லாதவரா என்று முணுமுணுத்தார்கள். 2006 பிப்ரவரியில் அவர் வெளியிட்ட திட்டத்தில் ஒரு வரி எல்லாரையும் உலுக்கியது. இப்படியே போனால் ஏப்ரல் மாதத்தில் கையில் ரொக்கம் தீர்ந்துவிடும்! ஒரு தேசிய நிறுவனத்தின் தலைவர் இப்படிப் பகிரங்கமாகச் சொல்வது நம் வழக்கம் அல்ல.

அவர் செய்ததை ஒரு வாக்கியத்தில் சொன்னால், சாக்கைப் பிரித்தார். ஒவ்வொரு தடத்துக்கும் இலாப நட்டக் கணக்கு என்ன என்று கேட்டார். கணக்கு மேசைக்கு வந்ததும் எல்லாருக்கும் எல்லாமும் தெரிந்தது. கோலாலம்பூர் நகர மையத்திலிருந்த தலைமையகக் கட்டடத்தையே விற்றார்கள். 2006 ஆகஸ்டில் 118 உள்நாட்டுத் தடங்களில் 96 தடங்கள் ஏர்ஏசியா பக்கம் போயின. 2007ல் மாஸ் 85 கோடி வெள்ளி இலாபம் காட்டியது. அதுவரை அந்த நிறுவனம் கண்டிராத இலாபம் அது. உலகமெங்கும் விமானப் பயணம் செழித்த ஆண்டு அது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுத்துவிடலாகாது.

எனக்கு அந்த இலாப எண்ணைவிட முக்கியமாகத் தோன்றுவது அந்தத் தடங்களுக்கு நடந்த கதை. சபா, சரவாக் கிராமப்புறச் சேவை முதலில் ஏர்ஏசியாவோடு தொடர்புடைய ஒரு சிறு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. சேவை தடுமாறியது, கிராமத்தார் முறையிட்டார்கள். 2007 அக்டோபரில் மாஸ்விங்ஸ் என்ற தனித் துணை நிறுவனம் அந்தச் சேவையை ஏற்றுக்கொண்டது. கிராமப்புறத் தடங்களின் நட்டத்துக்கு அரசாங்கம் உதவித் தொகை கொடுக்கும் என்று ஒப்பந்தம். அரசியல் இங்கே வெளியேறவில்லை. முன்பு சாக்குக்குள் ஒளிந்திருந்த அரசியல், இப்போது விலைச் சீட்டோடு வெளியே வந்து நிற்கிறது. பாரியோவுக்கு விமானம் போக வேண்டும் என்பது நாட்டின் விருப்பம், அதற்கு இவ்வளவு செலவு, இதோ பணம். இட்ரிஸ் ஜாலாவின் சொந்த ஊருக்கு வேறு வழியில் போக நெடு நேரம் ஆகும். அந்த ஊர்க்காரர் காலத்தில் இந்தக் கணக்கு நேரானது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அதே காலத்தில் அரசாங்கமும் தன் நிறுவனங்கள் முழுமைக்கும் இதே வழியில் ஒரு முயற்சி செய்தது. துன் அப்துல்லா 2004ல் ஜிஎல்சி எனப்படும் அரசாங்கத் தொடர்புடைய நிறுவனங்களின் சீர்திருத்தத்தை அறிவித்தார். தலைமை அதிகாரிகளுக்குத் தவணை ஒப்பந்தம், கேபிஐ அடைவு இலக்குகள், இயக்குநர் வாரியத்துக்கும் கொள்முதலுக்கும் தனித்தனி வழிகாட்டி நூல்கள் என்று வந்தன. சமூகக் கடமைகளைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டுவதற்கு 'வெள்ளி நூல்' என்று ஒன்று. நல்ல நூல்கள்தான். ஆனால் அந்த நிறுவனங்களின் பங்கை வைத்திருக்கும் கஸானா நேஷனலின் தலைவர் பிரதமராகவே இருந்தார். விதி எழுதுபவரும் விதிக்குக் கட்டுப்படுபவரும் ஒருவரே என்றால் வழிகாட்டி நூலின் பலம் அந்த மனிதரின் பலம்தான்.

தேர்தல் நாள்காட்டி

இட்ரிஸ் ஜாலா 2009ல் அமைச்சராகிப் போனார். அடுத்த சோதனை 2011ல் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கஸானாவும் ஏர்ஏசியாவின் முதலாளிகளும் பங்குகளை மாற்றிக்கொண்டார்கள். மாஸில் 20.5 விழுக்காடு அவர்களுக்கு, ஏர்ஏசியாவில் 10 விழுக்காடு கஸானாவுக்கு. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதை நிறுத்தினால் மாஸ் பிழைக்கும் என்பது எண்ணம். அந்த ஆண்டு மாஸின் நட்டமோ 250 கோடி வெள்ளி.

மாஸ் ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் உண்டு. போட்டி நிறுவனத்தின் முதலாளிகள் தங்கள் வாரியத்தில் அமர்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஏறக்குறைய 20,000 ஊழியர்கள், அவர்களின் குடும்பங்கள், எந்த நேரமும் வரலாம் என்று பேசப்பட்ட பொதுத் தேர்தல். 2012 மே மாதத் தொடக்கத்தில் பங்கு மாற்றம் இரத்து செய்யப்பட்டது. தேர்தல் ஓர் ஆண்டு கழித்து 2013 மே 5ல் நடந்தது. பங்கு மாற்றம் நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்பது வேறு விவாதம். கெட்டது என்றால் வாரியம் கணக்குப் பார்த்துக் கைவிட்டிருக்க வேண்டும். நல்லது என்றால் ஊழியர்களை உட்கார வைத்துப் பேசி முடித்திருக்க வேண்டும். நாட்டில் பெரும்பாலோர் பார்த்ததோ, தேர்தல் நாள்காட்டியைப் பார்த்து எடுக்கப்பட்ட முடிவு.

அந்த ஊழியர்களுக்கு அதனால் நன்மை கிடைத்ததா? 2014ல் எம்எச்370, எம்எச்17 என்று ஒரே ஆண்டில் இரண்டு பேரிடர்கள். நொந்திருந்த நிறுவனத்தால் எழ முடியவில்லை. ஆகஸ்டு இறுதியில் கஸானா 600 கோடி வெள்ளித் திட்டத்தை அறிவித்தது. 6,000 பேர் வேலை இழக்க வேண்டும். அதற்கென்று தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2015 செப்டம்பரில் பிறந்த புதிய நிறுவனத்தைப் பழைய தொழிற்சங்க ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தவில்லை. 2012ல் காப்பாற்றப்பட்டதாக நினைத்தவர்களில் பலர் மூன்று ஆண்டுக்குள் கடிதம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். விமானப் பராமரிப்பும் தரைச் சேவையும் தவிர வேறு தொழில் தெரியாத, ஐம்பதை நெருங்கிய ஆட்கள் அவர்களில் உண்டு. தள்ளிப்போடப்பட்ட முடிவுக்கு வட்டி கட்டியவர்கள் அவர்கள்தான். பங்குச் சந்தைப் பேச்சில் இந்தப் பகுதி வருவதில்லை.

மீதி வட்டியை நாமும் கட்டினோம். 2018ல் கஸானா வரிக்கு முன் சுமார் 630 கோடி வெள்ளி நட்டம் காட்டியது. அந்த ஆண்டு அது தள்ளுபடி செய்த முதலீட்டு மதிப்பில் ஏறக்குறைய பாதி, மாஸ் சம்பந்தப்பட்டது. அதே 2018ல் ஆட்சி மாறியதும் கஸானாவின் இயக்குநர் வாரியம் முழுவதுமாகப் பதவி விலக முன்வந்ததை நேயர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அரசாங்கம் மாறினால் முதலீட்டு நிறுவனத்தின் வாரியமும் மாறும் என்றால், அடுத்த வாரியம் எத்தனை ஆண்டுக்குத் திட்டம் போடும்?

தலைமை அதிகாரிகளை எண்ணிப் பார்த்தாலே போதும். 2001 முதல் 2017 வரை மாஸின் தலைமை நாற்காலியில் எட்டுப் பேர் அமர்ந்தார்கள். எஸ்ஐஏவில் 1984 முதல் 2024 வரை மூன்றே பேர்: சியோங் சூங் கோங், சியூ சூன் செங், கோ சூன் போங். விமானம் வாங்க உத்தரவு கொடுத்து அது வந்து இறங்கவே சில ஆண்டுகள் ஆகும். மாஸில் உத்தரவு கொடுத்தவரே விமானத்தை வரவேற்கவும் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

சிங்கப்பூரின் விலை

இவ்வளவு சொன்ன பிறகு அந்தக் கரையைப் புகழ்ந்து முடித்துவிட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன். 1980ல் எஸ்ஐஏ விமானிகள் ஊதியத் தகராறில் வேலை வேகத்தைக் குறைத்தபோது பிரதமர் லீ நேரில் அழைத்து எச்சரித்தார். அந்தச் சங்கத்தின் பதிவு அடுத்த ஆண்டு இரத்தானது. 2003ல் சார்ஸ் நோய்க்குப் பின் சம்பளக் குறைப்பை ஏற்றுக்கொண்ட தங்கள் சங்கத் தலைமையை விமானிகள் வாக்களித்து நீக்கினார்கள். மீண்டும் லீ தலையிட்டார். 2004ல் தொழிற்சங்கச் சட்டமே திருத்தப்பட்டது. உறுப்பினர்களின் ஒப்புதல் இல்லாமலே சங்கத் தலைமை ஒப்பந்தம் செய்துகொள்ள வழி பிறந்தது. அங்கே நிர்வாகத்துக்கு அரசியல் செய்த உதவி இது. இலாபம் என்ற ஒரே கட்டளைக்கு விலை இருந்தது, அதை ஊழியரின் குரல் கொடுத்தது. நம் பக்கமும் சளைக்கவில்லை: 1979ல் மாஸ் தகராறின்போது தொழிற்சங்கத்தினர் இசா சட்டத்தில் கைது செய்யப்பட்டார்கள். ஆனால் நாம் அந்தக் கடுமையையும் காட்டினோம், இலாபத்தையும் பார்க்கவில்லை.

எஸ்ஐஏ நட்டமே காணாத நிறுவனமும் அல்ல. 1999 இறுதியில் விர்ஜின் அட்லாண்டிக்கின் 49 விழுக்காட்டை சுமார் 60 கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டு, 2012ல் 36 கோடி அமெரிக்க டாலருக்கு விற்க ஒப்புக்கொண்டது. அது பெரிய சறுக்கல். ஆனால் அது வியாபாரச் சறுக்கலாகவே பார்க்கப்பட்டது. யாருடைய தம்பி, யாருடைய தொகுதி என்ற கேள்வி எழவில்லை. அதற்காகக் கேள்விகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. தெமாசெக்கின் தலைமை நிர்வாகியாக 2004 முதல் 2021 வரை இருந்த ஹோ சிங், அதே காலத்தில் பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் மனைவி. தகுதி பார்த்தே நியமனம் என்று அரசாங்கம் சொன்னது. கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

2020ல் கோவிட் வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, 1,500 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை திரட்டும் எஸ்ஐஏவின் திட்டத்துக்குத் தெமாசெக் பின்னால் நின்றது. அதுவும் மீட்புதானே என்று நீங்கள் கேட்கலாம். ஆம், மீட்புதான். ஆனால் அது பங்குதாரர் எல்லாருக்கும் ஒரே விலையில் வைக்கப்பட்ட பகிரங்க அழைப்பு, கூட்டம் போட்டு வாக்கெடுத்து நடந்தது. நான்கு வெள்ளிக்கும் குறைந்த பங்கை எட்டு வெள்ளிக்கு ஒருவரிடம் மட்டும் வாங்கியதோடு இதை வைத்துப் பாருங்கள்.

இப்போது கதை மீண்டும் சரவாக் பக்கம் திரும்பியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் சரவாக் மாநில அரசாங்கம் மாஸ்விங்ஸை வாங்குவதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. புதிய பெயர் ஏர்போர்னியோ. பாரியோவுக்குப் போகும் சிறிய ட்வின் ஓட்டர் விமானத்தின் கட்டணமும் நேர அட்டவணையும் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் பேசப்பட்டது போய், இனி கூச்சிங்கில் பேசப்படும். விமான நிறுவனம், அதன் முதலாளியான மாநில அரசாங்கம், அந்தக் கிராமங்களின் வாக்கை வாங்கிய சட்டமன்ற உறுப்பினர்கள், மூன்றும் ஒரே ஊரில். எந்தத் தடத்துக்கு எவ்வளவு உதவித் தொகை என்ற பட்டியலை மாநிலச் சட்டமன்றத்தின் மேசையில் ஆண்டுதோறும் வைப்பார்களா என்பதை நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.